"நல்லாத்தானே நடக்கிறியள்?": புளூ பேட்ஜ் எடுக்க நான் பட்ட பாடு

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கார் நிறுத்தச் சலுகை தரும் நீல அட்டைதான் புளூ பேட்ஜ். இங்கிலாந்தில் அதைப் பற்றி எங்கள் ஆட்கள் மத்தியில் இரண்டு கதை உலாவுகிறது. "டொக்டரிட்டை ஒரு கடிதம் வாங்கிக் குடுத்தால் சும்மா தருவாங்கள்" என்பது ஒன்று. "அவ நல்லாத்தானே நடக்கிறா, எப்படியோ சுத்திப்போட்டு எடுத்திருக்கிறா" என்பது மற்றது. முதல் கதையைச் சொல்லித்தான் என்னை எல்லோரும் விண்ணப்பிக்க அனுப்பினார்கள். மாதக்கணக்கில் இழுபட்டு, ஒருமுறை மறுக்கப்பட்டு, கடைசியில் பேட்ஜ் கைக்கு வந்ததும் அதே ஆட்கள் இரண்டாவது கதையை என்னைப் பற்றியே சொன்னார்கள். அந்த நாட்களில் இதையெல்லாம் தமிழில் யாராவது விளக்கமாக எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எனக்கு மூட்டுவாதம். அதோடு சேர்ந்து நுரையீரலிலும் வருத்தம் வந்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி இறுகிப்போகும் வகை. இருக்கும்போது ஒன்றுமே தெரியாது. கதைப்பேன், சிரிப்பேன், கதிரையில் இருந்தபடி நாள் முழுக்கக் கணக்கு வேலை பார்ப்பேன். எழும்பி நடந்தாலும் முதல் கொஞ்சத் தூரம் எல்லோரையும் போலத்தான் போவேன். அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஒக்சிஜன் இறங்கும், நெஞ்சு இறுகும், காதுக்குள் இரையும், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சில நிமிடம் நின்றால் திரும்பவும் நடக்கலாம். பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. நடுத்தெருவில் இளைத்துக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருக்கும். அதனால் ஃபோனை எடுத்து மெசேஜ் பார்ப்பதுபோல நிற்கப் பழகியிருந்தேன். என் வருத்தத்தை நானே இப்படி ஒளித்துப் பழகியது பிறகு எனக்கெதிராகவே திரும்பும் என்று அப்போது தெரியாது.

பேட்ஜ் இல்லாமல் போன காலத்தில் காசு தண்ணீராகப் போனது. கணவர் இல்லை, மகள் வேறு நகரத்தில் படிக்கிறாள், கொண்டுபோய் இறக்கிவிட ஆளில்லை. ஆஸ்பத்திரி கார் பார்க்கிலிருந்து கிளினிக் வாசல் வரை நடக்க முடியாது என்பதால் டாக்சி பிடித்தேன். ஒரு வழிக்கு 18 பவுண்ஸ். கடைக்குப் போனால் வாசலுக்குக் கிட்ட இடம் கிடைக்கும் வரை கார் பார்க்கைச் சுற்றிச் சுற்றி வருவேன், கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். ஒருநாள் இளைப்பு தாங்காமல் மருந்துக்கடைக்கு முன்னால் மஞ்சள் கோட்டில் நிறுத்தியதற்குத் தண்டம் வந்தது. அப்போது 130 பவுண்ஸ், 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. வருத்தத்தை விளக்கி, ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் வைத்து எழுதினேன். பேட்ஜ் இல்லாதவருக்கு விலக்கு இல்லை என்று நாலு வரியில் பதில் வந்தது. 65 பவுண்ஸைக் கட்டிவிட்டு அன்றிரவே விண்ணப்பத்தைத் திறந்தேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். பேட்ஜுக்கு இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியில், பேட்ஜ் கொடுக்கும் உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் உங்களைச் சோதிக்காது. பார்வை மிகக் கடுமையாகக் குறைந்தவர் என்று பதிவாகியிருந்தால், அல்லது பிப் என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகையில் 'நடமாட்டம்' என்ற பிரிவில் 8 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்திருந்தால், கடிதத்தைக் காட்டினால் போதும். அந்த 8 புள்ளி, எழுந்து நின்று 50 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவர்களுக்கு வருவது. இப்படி இன்னும் சில வகை இருக்கின்றன. வேலைக்குப் போகிறவருக்குப் பிப் கிடைக்காது என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பிப் சம்பளத்தையோ சேமிப்பையோ பார்த்துக் கொடுப்பதில்லை, முழுநேர வேலை செய்பவரும் எடுக்கலாம். நடக்கச் சிரமப்படுகிறவர் என்றால் இதற்கும் விண்ணப்பித்து வையுங்கள். அது கிடைத்தால் நான் பட்ட பாட்டில் பாதி உங்களுக்கு இல்லை.

இரண்டாவது வழி கவுன்சில் தானே சோதித்து முடிவெடுப்பது. நான் போனது அந்த வழி. நடக்கவே முடியாதவர்கள், நடப்பதில் மிகக் கடுமையான சிரமம் உள்ளவர்கள், இரண்டு கையிலும் கடும் குறைபாட்டோடு கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதற்குள் வருவார்கள். 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் ஓட்டிசம், டிமென்ஷியா போன்ற வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் கதவு திறந்தது. வருத்தத்தின் பெயருக்காகப் பேட்ஜ் தருவதில்லை. கான்சர் என்று எழுதினாலும் தராமல் விடலாம், வெறும் மூட்டுவலி என்று எழுதினாலும் தரலாம். அந்த வருத்தத்தால் உங்கள் நடைக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. இது சரியான கேள்விதான். அதை எப்படிக் கேட்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

விண்ணப்பத்தை அரசின் இணையத்தளத்தில் நிரப்பலாம். கட்டணம் இங்கிலாந்தில் அதிகபட்சம் 10 பவுண்ஸ், ஸ்கொட்லாந்தில் 20, வேல்ஸில் இலவசம். எவ்வளவு தூரம் நடப்பீர்கள், எவ்வளவு நேரம் எடுக்கும், என்ன மருந்து, யாரிடம் சிகிச்சை என்று கேட்பார்கள். என் குடும்ப டொக்டரான ஜிபியிடம் கடிதம் கேட்டேன். தனிப்பட்ட கடிதம் என்று 35 பவுண்ஸ் எடுத்தார்கள், எழுதித் தரச் சில வாரமும் எடுத்தார்கள். கடிதத்தில் இருந்தது மூன்று வரி: இவருக்கு இன்ன வருத்தம், நடக்கச் சிரமப்படுகிறார், உதவினால் நன்று. அந்தக் கடிதத்துக்குக் கவுன்சிலில் பெறுமதியே இல்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முன்பு ஜிபி சொன்னால் பேட்ஜ் கிடைக்கும் நிலைமை இருந்தது. ஆனால் வருடக்கணக்காகப் பழகிய நோயாளியின் முகத்துக்கு நேரே இல்லை என்று எந்த ஜிபியாலும் சொல்ல முடியவில்லை. அதனால் 2012 மாற்றங்களோடு அந்த வேலையை நோயாளிக்குப் பழக்கமில்லாத சோதனையாளர்களிடம் கொடுத்துவிட்டார்கள். நியாயமான காரணம்தான். அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் 35 பவுண்ஸ் மிஞ்சியிருக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஆஸ்பத்திரி கிளினிக் கடிதங்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் ஸ்பெஷலிஸ்ட் ஜிபிக்கு ஒரு கடிதம் எழுதுவார். அதன் பிரதி உங்களுக்கும் வரும், வராவிட்டால் கேட்டு வாங்கலாம். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கக் காசு கட்டத் தேவையில்லை. கடந்த ஒன்றிரண்டு வருடக் கடிதங்களை ஒரு ஃபைலில் போட்டு, தூரமும் நேரமும் எண்ணாக எழுதியிருக்கும் வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். 'சிரமப்படுகிறார்' என்ற சொல்லால் ஒன்றும் நடக்காது. இத்தனை மீற்றரில் நிற்கிறார், இத்தனை நிமிடம் ஓய்வு வேண்டும், ஒக்சிஜன் இவ்வளவுக்கு இறங்குகிறது என்ற வரிகள்தான் வேலை செய்யும்.

சில வாரம் கழித்து நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஒரு சமூக நிலையத்தில் சின்ன அறை. சோதிக்க வந்தவர் இளம் வயது, மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் அந்த அறைக்குப் போகுமுன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று: சோதனை அறைக்குள் தொடங்குவதில்லை. காத்திருக்கும் இடத்திலிருந்து உங்கள் பெயரைக் கூப்பிட்ட நொடியில் தொடங்குகிறது. எப்படி எழும்பினீர்கள், பையை எந்தக் கையில் தூக்கினீர்கள், நடந்தபடி கதைத்தீர்களா, எல்லாமே குறிப்பில் ஏறும். நான் நேரத்தோடே டாக்சியில் போய் இறங்கி, நன்றாக இளைப்பாறி, நாகரிகமாக உடுத்துக்கொண்டு இருந்தேன். கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டு எழும்பிப் போனேன். வெளி ஆட்களிடம் முகம் சுளிக்காமல் நடந்துகொள்ளத்தானே எங்களை வளர்த்தார்கள். நடைபாதையில் நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். இளைத்தது, நின்றேன். வழக்கம்போல வெட்கத்தில் சுவரிலிருந்த நோட்டீஸை வாசிப்பதுபோல நின்றேன். அவர் கதிரையில் இருந்தபடி எதையோ எழுதினார்.

மறுப்புக் கடிதம் வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். அடுப்பில் சோறு வேக, அதை வாசித்தேன். விண்ணப்பதாரர் உதவியின்றி வழக்கமான வேகத்தில் நடந்தார், ஊன்றுகோல் இல்லை, இடையில் அறிவிப்புப் பலகையைப் பார்க்க நின்றார், ஆஸ்பத்திரி நடைப் பரிசோதனையில் 210 மீற்றர் நடந்திருக்கிறார், ஆகவே 80 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவர் என்ற வரம்புக்குள் வரவில்லை. பொய் என்று சொல்ல அதில் ஒரு வசனமும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. என்னைப் பொய்க்காரி என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது. மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பரீட்சை நேரத்தில் ரயிலேறி வந்துவிடுவாள். கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்தக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவைத்திருந்தேன்.

என்னை எழுப்பியது ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கும் சுவாச நோய் நர்ஸ். விஷயத்தைக் கேட்டுவிட்டு, என் நடைப் பரிசோதனைத் தாளைக் கணினியில் எடுத்து எனக்குப் பக்கமாகத் திருப்பினார். அந்தப் பரிசோதனை 6 நிமிடத்துக்கானது. இரண்டு கூம்புகளுக்கு நடுவே போய்ப் போய் வர வேண்டும். இளைத்தால் நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நான் இரண்டு தரம் நின்றிருக்கிறேன். தொடங்கும்போது 94 வீதமாக இருந்த இரத்த ஒக்சிஜன் அளவு 82 வரை இறங்கியிருக்கிறது. மொத்தத் தூரம் 210 மீற்றர். கவுன்சில் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசி எண்ணை மட்டும். "இதை ஆறால் பிரித்துப் பாருங்கள்" என்றார் நர்ஸ். நிமிடத்துக்கு 35 மீற்றர்.

ஏன் பிரிக்கச் சொன்னார் என்பது போக்குவரத்துத் துறை கவுன்சில்களுக்கு எழுதிய வழிகாட்டியை வாசித்தபோது விளங்கியது. அது இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. 80 மீற்றர் என்பது வெறும் தூரமல்ல என்று அதில் இருக்கிறது. கடும் வலியோ மூச்சிளைப்போ இல்லாமல் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், எப்படிப்பட்ட நடையில் போகிறார், நடப்பதால் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து உண்டா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரண ஒருவர் நிமிடத்தில் 60 முதல் 90 மீற்றர் வரை போவார். இளைப்பாற நிற்பதையும் சேர்த்து நிமிடத்தில் 40 மீற்றர் போக முடியாதவரின் நடை மிக மெதுவானது. எனது 35. கணக்கு வேலை செய்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுத்தால் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் இதற்கென்று ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் இல்லை. மறுத்த கவுன்சிலிடமே மீளாய்வு கேட்க வேண்டும். நடைமுறையில் பிழை நடந்திருந்தால் மட்டும் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அவர் பேட்ஜ் தரமாட்டார், கவுன்சில் ஒழுங்காகப் பரிசீலித்ததா என்றுதான் பார்ப்பார். ஆகவே மீளாய்வுக் கடிதத்தில் அழுவதில் பயனில்லை. எனக்கும் மூன்று பக்கம் அழுது எழுதத்தான் மனம் வந்தது. அதை எழுதித் தீர்த்துவிட்டுக் கிழித்துப்போட்டு, ஒரே பக்கத்தில் எழுதினேன். உங்கள் கடிதத்தின் இன்ன வசனம், வழிகாட்டியின் இன்ன பகுதி, பரிசோதனைத் தாளின் இன்ன எண். நர்ஸ் காசு வாங்காமல் ஒரு கடிதம் எழுதித் தந்தார். நிற்கும்போது நான் ஏன் நிற்கிறேன் என்பதற்கு அதில் அவர் ஒரு வசனம் ஒதுக்கியிருந்தார்.

இரண்டாவது சோதனைக்குப் போகும்போது விரலில் மாட்டும் ஒக்சிஜன் மானியைக் கொண்டுபோனேன். வந்தவர் வேறொருவர், வயது கூடியவர். மாட்டிக்கொண்டு நடக்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். தொடங்கும்போது 93. நடைபாதையின் கடைசிக் கதவை எட்டுமுன் 88. திரும்பும்போது 84, கால் தானாக நின்றுவிட்டது. இந்தமுறை நோட்டீஸ் வாசிக்கவில்லை. சுவரில் கையை ஊன்றி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணீர் வந்தாலும் துடைக்காமல் நின்றேன். அவர் கிட்ட வந்து என் விரலைப் பார்த்தார். எண் திரும்ப 90 ஆகும்வரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தையும் எழுதிக்கொண்டார். இப்படித்தான் சோதிக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றியது. சில வாரத்தில் பேட்ஜ் தபாலில் வந்தது.

நடிக்கச் சொல்கிறேனா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. நடிப்பை நிறுத்தச் சொல்கிறேன். எங்கள் பெண்கள், அதுவும் வயதானவர்கள், "பரவாயில்லை, சமாளிப்பன்" என்று வாய் பழகியவர்கள். என் அம்மா இருந்திருந்தால் சோதிக்க வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பியிருப்பா. அம்மா அப்பாவுக்காக நீங்கள் படிவம் நிரப்புவதென்றால், "ஏலும்" என்று அவர்கள் சொன்னவுடன் எழுதாதீர்கள். கூட நடந்து பாருங்கள். அடுத்த நாளும் அதே தூரம் ஏலுமா, நடந்து முடிந்து எவ்வளவு நேரம் படுக்கிறார்கள் என்பதையும் பார்த்து எழுதுங்கள். பிப் சோதனையில் இதற்கு ஒரு நல்ல விதி இருக்கிறது: ஒரு செயலை ஆபத்தில்லாமல், ஒழுங்காக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் 'முடியும்' என்று கணக்கு. கவுன்சில்காரர் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்து ஆளைப் பார்த்தால் பாதி மறுப்புகள் வராது என்பது என் எண்ணம்.

பேட்ஜ் வந்த பிறகு பாவிக்கும் முறைக்கு வருகிறேன். அது காருக்குரியதல்ல, ஆளுக்குரியது. டாக்சியில் போனாலும் சிநேகிதியின் காரில் போனாலும் வைக்கலாம். தெருவிலுள்ள கட்டணத் தரிப்பிடங்களில் வேறு பலகை இல்லாவிட்டால் காசில்லாமல், நேர வரம்பில்லாமல் நிறுத்தலாம். மஞ்சள் கோட்டில் இங்கிலாந்தில் 3 மணித்தியாலம் வரை, நீலக் கடிகார அட்டையில் வந்த நேரத்தைக் காட்டி நிறுத்தலாம். ஆனால் நடைபாதை ஓரக் கல்லில் குறுக்கே மஞ்சள் கீறுகள் இருந்தால் கவனம். பொருள் ஏற்றி இறக்கத் தடை உள்ள இடம் அது, தடை நேரத்தில் பேட்ஜ் செல்லாது. தனியார் கார் பார்க்குகளுக்கு அவரவர் விதி. மத்திய லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் அண்ட் செல்சி, சிட்டி ஒஃப் லண்டன், கம்டனின் ஒரு பகுதி ஆகிய இடங்களிலும் விதி வேறு, போகுமுன் பாருங்கள். லண்டன் நெரிசல் கட்டணத்திலிருந்தும் விலக்கு உண்டு, ஆனால் முதலில் பதிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் அரச ஆஸ்பத்திரிகளில் பேட்ஜ்காரருக்குத் தரிப்பிடம் இலவசம், பல இடங்களில் வரவேற்பு மேசையில் கார் நம்பரைக் கொடுத்தால்தான். படம் உள்ள பக்கம் கீழே, சக்கர நாற்காலிக் குறி உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாக வைத்துத் தண்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இனிப் பெரிய விஷயம். பேட்ஜோடு முதல்முறை சுப்பர்மார்க்கெட்டில் மாற்றுத்திறனாளித் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு இறங்கியபோது, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து, இது உனக்கான இடமில்லை என்றார். பேட்ஜைக் காட்டினேன். யாருடையது என்று கேட்டார். உள்ளே போகாமல் காருக்குள் இருந்து அழுதேன். அடுத்த வாரம் கோயில் வாசலில் எங்கள் ஆள் ஒருவர், "என்ன அக்கா, நல்லாத்தானே நடக்கிறியள், எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோவன்" என்று சிரித்தார். வெள்ளைக்காரியை மன்னித்துவிட்டேன். இவரை இன்னும் இல்லை.

இதே வாயால்தான் இரவல் கேட்பார்கள். தேர்த்திருவிழா நாளில் மச்சாள் ஃபோன் எடுத்தா. "உம்மட அந்த நீல அட்டையை இண்டைக்கு மட்டும் தாருமன், பார்க்கிங் கிடைக்காது." நான் காரில் இல்லாமல் அதைப் பாவித்தால் குற்றம், 1,000 பவுண்ஸ் வரை தண்டம், பேட்ஜும் போய்விடலாம் என்றேன். "ஆர் பாக்கப் போறான்?" என்றா. 2013 சட்டத்துக்குப் பிறகு கவுன்சில் அதிகாரிகள் பொலிஸ் இல்லாமலே பேட்ஜை வாங்கிப் பார்த்துப் பறிக்கலாம். பின்பக்கத்தில் என் படம் இருக்கிறது. வழக்கில் தோற்றால் குற்றப் பதிவு வரும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் காத்திருப்பவருக்கு அது விளையாட்டில்லை. இதையெல்லாம் சொன்னேன். மச்சாள் அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் கதைக்கவில்லை. இன்னொரு குடும்பத்தில் தகப்பன் செத்துப் பல மாதமாகியும் மகன் அந்தப் பேட்ஜை வைத்து வேலைக்குப் போகிறார். இறந்தவரின் பேட்ஜைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இறப்பைப் பதியும்போது தரும் 'டெல் அஸ் வன்ஸ்' சேவையில் சொன்னால் கவுன்சிலுக்கும் அறிவிப்பு போகும். கவுன்சில்களும் இறப்புப் பதிவுகளோடு பேட்ஜ் பட்டியலை ஒப்பிட்டுப் பிடிக்கிறார்கள்.

என் வாதம் இதில்தான் இருக்கிறது. அல்ஃப் மொரிஸ் என்ற எம்பி முன்னெடுத்த 1970 சட்டத்தால் பிறந்தது இந்தத் திட்டம். 1971ல் செம்மஞ்சள் அட்டையாகத் தொடங்கி 2000ல் நீலமானது. இன்று இங்கிலாந்தில் மட்டும் 25 இலட்சத்துக்கு மேல் பேட்ஜ் புழக்கத்தில் இருக்கிறது. மோசடி கூடிவிட்டது என்று சத்தம் வரும்போதெல்லாம், தகுதியை இறுக்குங்கள் என்கிறார்கள். ஆனால் போடப்படும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை அடுத்தவரின் பேட்ஜைப் பாவித்ததற்கானவை. அதாவது பேட்ஜ் உண்மை, வருத்தமும் உண்மை, பாவிப்பவர்தான் கள்ளன். சோதனை அறையில் என்னை எவ்வளவு இறுக்கினாலும் செத்தவரின் பேட்ஜோடு வேலைக்குப் போகிற மகன் அகப்படமாட்டார். அவரைப் பிடிக்க வேண்டிய இடம் தெரு. அங்கே ஆள் போடக் காசு வேண்டும், பல கவுன்சில்கள் வருடம் முழுக்க ஒரு வழக்குக்கூடப் போடுவதில்லை. காசு செலவில்லாத இடம் சோதனை அறை, அதனால் அங்கே இறுக்குகிறார்கள்.

யார் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டால், ஜிபியிடம் திரும்பக் கொடுக்கச் சொல்லமாட்டேன். ஐந்து நிமிடம் நடைபாதையில் பார்க்கிற அந்நியர் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே அளந்து வைத்த எண் இருந்தால் அதை முழுதாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் முதலில் வாசிக்கட்டும், சந்தேகம் வந்தால் மட்டும் நேரில் கூப்பிடட்டும். என்னைப் போல நல்லாகாத வருத்தம் உள்ளவர் பேட்ஜின் ஆயுளான 3 வருடத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருப்பது வீண் வேலை, அவர்களுக்கும் எனக்கும்.

புதுப்பிக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்றிரண்டு. கவுன்சில் நினைவூட்டும் என்று நம்பியிருக்காதீர்கள். முடிவெடுக்க 12 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம், அதைக் கணக்கிட்டு முன்னதாகவே விண்ணப்பியுங்கள். காலாவதியான பேட்ஜ் வைத்தால் தண்டம்தான். பழைய மறுப்புக் கடிதம், மீளாய்வுக் கடிதம், சோதனைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வையுங்கள். இரவில் பேட்ஜைக் காருக்குள் விடாதீர்கள், கண்ணாடியை உடைத்து எடுக்கிறார்கள். சில லண்டன் கவுன்சில்கள் ஒரே காருக்கு மட்டும் செல்லுபடியாகும் துணை அட்டை தருகின்றன, கேட்டுப் பாருங்கள். விண்ணப்பிக்க அரசின் கவ் டொட் யூகே தளத்துக்கு நேராகப் போங்கள். தேடலில் மேலே விளம்பரமாக வரும் வேறு சில தளங்கள் அதே 10 பவுண்ஸ் வேலைக்குப் பல மடங்கு பிடுங்கிவிடும்.